மூன்று பேர் நிற்கும் படம்

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கேமராவில் கிட்டத்துப் படத்துக்கான, பூச்சின்னம் போட்ட பொத்தானை அழுத்தினாள் கோமளா. கர்ப்பச் சோதனை அட்டையை லென்ஸுக்கு வெகு அருகில் பிடித்து எடுத்தாள். வெறும் கண்ணுக்குச் சந்தேகமாய்த் தெரிந்த இரண்டாவது கோடு, திரையில் பெரிதாக்கியதும் செம்மண் வாய்க்கால்போல் ஓடியது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே வந்ததும் அவள் கையில் கேமராவைப் பார்த்துக் கணவன் சிவநேசன் சொன்னான்: "டைமர் வச்சா கேமரா தானே எடுக்கும். இன்னைக்காவது நீயும் படத்துல நில்லு."

"மூணு பேரா நின்னு போட்டோ எடுக்கக் கூடாதுடா, ஆகாது," என்றாள் மாமியார். இந்த வீட்டுப் படங்களில் எல்லாம் அம்மாவும் மகனும் மட்டும் இருப்பதற்கு அதுதான் காரணம். எடுப்பவள் எப்போதும் கோமளா.

அவள் கேமராவை ஃபிரிட்ஜ்மேல் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து, இருவருக்கும் நடுவில் புகுந்தாள். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. மாமியார் விலகப் பார்த்தாள். கோமளா அவள் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"எங்க ஓடுறீங்க? நில்லுங்க அத்தை. நாம நாலு பேரு."

விளக்கு படபடவென வேகமெடுத்தது. அவள் ஒருத்திதான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.