முயல்களின் ஓட்டத் தேர்வு

முயல்களுக்கு ஆண்டுதோறும் ஓட்டத் தேர்வு கட்டாயம். முடிவுகளை மயில் மரத்து உச்சியிலிருந்து காடே கேட்கும்படி அறிவிக்கும், விதி அப்படி.

இந்த ஆண்டு கடைசியாக வந்தது, காலில் முள் தைத்திருந்த ஒரு குட்டி. அறிவிப்புக்கு முன்பே அதன் தாய் மரத்தடிக்கு ஓடிவந்தது.

“ஐயா, என் பிள்ளை முடிவை மட்டும் என் காதோட சொல்லிடுங்க.”

“அதெப்படிம்மா? ஒளிவுமறைவே கூடாது. பேரு, குடியிருக்கிற புதரு, எத்தனாவது இடம், எல்லாம் எல்லாருக்கும் தெரியணும். நரியாரைப் பாரு. வருஷம் தவறாம வந்து, கடைசிப் பேர் வரைக்கும் கேட்டுட்டுத்தான் போறார். படிப்பு மேல அவ்வளவு அக்கறை.”

ஓடைக்கு அக்கரையில் உட்கார்ந்திருந்த நரி அடக்கமாகத் தலையசைத்தது. தாய்முயல் அதையே பார்த்தபடி கேட்டது:

“போன வருஷம் கடைசியா வந்த பிள்ளை இந்தத் தடவை எப்படி ஓடினான், ஐயா?”

மயில் யோசித்தது. “அவனா? தேர்வுக்கே வரலை. அதுக்கு முந்தின வருஷத்துப் பையனும் அப்படித்தான். ஒரு தடவை தோத்தா மனசு விட்டுடறாங்க.”

பிறகு அது தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிடம் பெற்றவனைப் புகழத் தொடங்கியது. அந்தப் புகழுரை நீண்டுகொண்டே போக வேண்டும் என்று வேண்டியபடி, தாய்முயல் குட்டி இருந்த புதரை நோக்கி ஓடியது.