கரிச் சில்லின் மறதி

சில்லு மறுபடியும் மறந்துவிட்டது. பதினேழாவது தடவை.

கரியால் ஆன, நகத்தளவு நினைவகச் சில்லு. நீல ஒளி பட்டால் எழுதிக்கொள்ளும். பச்சை ஒளி பட்டால் அழித்துவிடும். அதனால் சோதனை இருட்டறையில்தான்.

"பத்து நிமிஷம் ஞாபகம் வெச்சுக்கத் தெரியல. இதுக்கு அஞ்சு வருஷமா?" பேராசிரியர் எரிந்து விழுந்தார். "இன்னிக்கு ஒரே ஒரு தடவை. தேறலைன்னா இந்த ஆராய்ச்சியையே மூட்டை கட்டிடு."

ஆராய்ச்சி மாணவி சில்லை மறுபடி மீட்டரில் பொருத்தினாள்.

அறை மூலையில் இருந்த தொட்டியில் பேராசிரியர் கை கழுவிவிட்டுத் திரும்பினார். பக்கத்தில் கழற்றி வைத்த கைக்கடிகாரத்தைக் காணோம். அங்கே நின்றது குடுவை கழுவும் அம்மா மட்டும்.

"என் வாட்ச் எங்கே?"

"முதல்ல சோதனையை முடிங்கய்யா. அப்புறம் பேசலாம்."

"என்ன நெஞ்சழுத்தம்! முடியட்டும், உன்னைக் கவனிச்சுக்கிறேன்."

விளக்கு அணைந்தது. மாணவி நீல ஒளியில் 'அ' எழுதினாள். மீட்டர்மேல் குனிந்தவள் நிமிரவில்லை. பேராசிரியருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் வெறும் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

பத்து நிமிஷம். மணி அடித்தது.

"சார்! இருக்கு சார்! 'அ' அப்படியே இருக்கு!"

"தள்ளு, தள்ளு... அட! ஆமாம்மா!" குதித்ததில் முழங்கால் மேஜையில் இடித்தது. வலி தெரியவில்லை. "இன்னொரு தடவை போடு!"

இரண்டாம் தடவையும் நின்றது. மூன்றாம் தடவையும்.

விளக்கைப் போட்டார்கள். மாணவி அழுதுகொண்டே சிரித்தாள்.

குடுவை கழுவும் அம்மா பேராசிரியர் அருகில் வந்து, தன் மேலங்கிப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து நீட்டினாள். குரல் அவருக்கு மட்டும் கேட்டது.

"நீங்க ரெண்டு பேரும் சில்லைப் பார்த்தீங்க. நான் உங்களைப் பார்த்தேன். கையைத் தூக்கி மணி பார்க்கிறப்பெல்லாம் இது பச்சையா மின்னுதுங்கய்யா. பொண்ணு முன்னாடி சொன்னா உங்களுக்கு நல்லா இருக்காதேன்னுதான்..."

அவர் கடிகாரத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தார். பச்சையாக மின்னியது.

"சார், பதிவேட்டுல எழுதணும்," என்றாள் மாணவி. "குறையைச் சரிசெய்தவர்னு உங்க பேரைப் போடட்டுமா?"

"பேனாவைக் கொடு."

அவரே எழுதினார்.

'குறை: என் கைக்கடிகாரம். சரிசெய்தவர்: குடுவை கழுவும் அம்மா.'