பேகத்தின் முதுகு

"யோவ், எந்த மூஞ்சிய வெச்சிகினு என் வாசலுக்கு வந்தே?"

அஜீசா போட்ட சத்தம் இரும்புலியூர் ரயில் லைனைத் தாண்டியும் கேட்டிருக்கும்.

கேட்டைத் திறந்து வந்தவன் ஏகநாதன், ஊரப்பாக்கத்துக்காரன். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன். அவளுக்கும் அதே தொழில்தான். புருஷன் மவுத்தான பிறகு, ஒற்றைக் குதிரையை வைத்துக்கொண்டு தாம்பரம் வட்டாரத்தில் மல்லுக்கட்டுகிறாள்.

அவனுக்குப் பின்னால் பையும் கையுமாகக் கால்நடை டாக்டர் ஜெபசீலன் வந்தார். ஏகநாதனே கூட்டி வந்திருந்தான்.

கூட்டி வராமல் என்ன செய்வான்? ஒரு மாதமாக அஜீசா மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கி, அவன் குதிரைக்குச் சொறி, அது என் குதிரைக்கும் ஒட்டிவிட்டது என்று அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். ஆவணி முகூர்த்தத்துக்கு அவனை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

ஒட்டியது என்னவோ நிஜம். கொட்டகையில் நின்ற வெள்ளைக் குதிரை பேகத்தின் முதுகில் வட்ட வட்டமாக முடி கொட்டி, தோல் பொருக்குத் தட்டிக் கிடந்தது. அரிப்புத் தாங்காமல் அது சுவரில் தேய்த்துத் தேய்த்து, இரண்டு இடத்தில் புண்ணே ஆகிவிட்டது. போதாததற்கு, யாரோ சொன்னார்கள் என்று மெக்கானிக் கடைக் கழிவு ஆயிலை வேறு அஜீசா பூசி வைத்திருந்தாள்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஆயிலைத் துடைத்தார். வட்டத்தின் ஓரத்து முடியை லேசாக இழுத்தார். கொத்தாகக் கையோடு வந்தது. பொருக்கைக் கொஞ்சம் சுரண்டி டப்பாவில் போட்டுக்கொண்டார்.

"படர்தாமரைம்மா. மனுஷங்களுக்கும் ஒட்டும், வெறுங்கையால தொடாதீங்க. ஆயிலை ஊத்தி இன்னும் கெடுத்து வெச்சிருக்கீங்க."

"அதான் சொல்றேன்! இந்தாளு குதிரையாண்டேர்ந்துதான் வந்துச்சி!"

ஏகநாதனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வைகாசிக் கடைசியில் தன் குதிரை முதுகில் முதல் வட்டத்தைப் பார்த்த அன்றே அதைக் கொட்டகையில் கட்டியவன் அவன். வாரா வாரம் மருந்துத் தண்ணீர் ஊற்றினான். துணி, சீப்பு, கயிறு எல்லாவற்றையும் கொளுத்தினான். குணமாகும்வரை அது தெருவில் கால் வைக்கவில்லை.

"உன் குதிர கடிக்கும்னு நான் எப்பவும் ரோட்டுக்கு அந்தாண்டதான் கட்டுவேன். என் குதிர உன் குதிரைய எங்க தொட்டுச்சி? ஒரு எடம் சொல்லு, உன் கால்ல வுழுந்துட்டுப் போறேன்."

அஜீசா இடம் சொல்லவில்லை. திட்டினாள். அவனைத் திட்டி முடித்து அவன் அப்பனுக்குப் போனாள்.

டாக்டர் பேகத்தைச் சுற்றி வந்தார். குதிரையின் முகத்தில் ஒன்றுமில்லை. கழுத்து சுத்தம், கால் சுத்தம். சேணம் உட்காரும் இடத்தில் மட்டும்தான் இத்தனை வட்டமும்.

"குதிரைக்குக் குதிரை உரசி வந்திருந்தா, மூஞ்சி கழுத்துன்னு வந்திருக்கும். இது துணியில வந்த மாதிரி இருக்கு. சேணத்துக்கு அடியில என்ன போடுறீங்க?"

"என் துணிதான். வேற இன்னாத்தப் போடுவாங்க?"

டாக்டர் மருந்து எழுதினார். ஆறு வாரம் சேணம் ஏற்றக் கூடாது. முதுகில் பட்ட ஒவ்வொரு துணியையும் எரிக்க வேண்டும். ஒன்றை விட்டு வைத்தாலும் மறுபடி வரும், இந்தப் புண்ணோடு மறுபடி வந்தால் தாங்காது என்றார்.

வாசலில் தகர டிரம்மை உருட்டிப் போட்டு அஜீசா நெருப்பு மூட்டினாள். சீப்பைப் போட்டாள். சாக்கு, வார், புருஷன் வாங்கித் தந்த பச்சை வெல்வெட், எல்லாம் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு, எல்லாமே ஏகநாதனுக்கு. நாசமாப் போறவனே, உன்னாலதான்டா!

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதான்."

பின்னால் கொட்டகையில் பேகம் மறுபடி சுவரில் தேய்க்க ஆரம்பித்தது. பொருக்கு பிய்ந்து, வெள்ளை முடியில் ரத்தம் இறங்கியது. அஜீசா திரும்பிப் பார்த்தாள். பேகத்துக்குச் செய்வதுபோல் பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

உள்ளே போனாள். நாலாக மடித்த ஒரு துணியோடு வந்து, அவசரமாக டிரம்மில் திணித்தாள்.

டாக்டர் குச்சியால் அதை வெளியே எடுத்துப் போட்டார்.

"மடிச்சிப் போட்டா உள்ள எரியாதும்மா. பிரிச்சிப் போடுங்க."

"எரியும்."

"எரியாது."

பேகம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அஜீசா குனிந்து துணியைப் பிரித்தாள். சிவப்பு வெல்வெட். அதில் ஜரிகையால் கொட்டை எழுத்து: 'ஏகநாதன், ஊரப்பாக்கம். ஊர்வலங்களுக்கு அணுகவும்.' அடியில் அவன் போன் நம்பர்.

வைகாசி முகூர்த்தத்தில், ராஜகீழ்ப்பாக்கம் மண்டபத்தில் அவன் பந்திக்குப் போன நேரம் பார்த்து, வயிற்றெரிச்சலில் அவன் குதிரை முதுகிலிருந்து அவள் உருவி வந்தது. மேலே தன் பச்சைத் துணியைப் போட்டு மறைத்து, பேகத்தின் முதுகில் இத்தனை நாளாகக் கட்டி வந்தது.

ஏகநாதன் முதல் எழுத்திலிருந்து கடைசி நம்பர் வரைக்கும் படித்தான்.

"தள்ளு, எரியட்டும்" என்றாள் அஜீசா. பக்கத்தில் நின்ற டாக்டருக்கே அது சரியாகக் கேட்கவில்லை.