பச்சையம்மாள் பார்த்த வீடு

பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, வேங்கிக்கால் ஊரில் தன் வீட்டு ஹாலில் செல்போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள் பச்சையம்மாள். பெண் பார்க்கிற கோலம்தான். ஆனால் பார்க்கப்போவது பெண்ணை அல்ல, ஜப்பானில் ஒரு வீட்டை.

டோக்கியோவுக்கு வெளியே, புறநகரில், பழைய அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட். "நீ சரின்னாத்தாம்மா வாங்குவேன்" என்று மகன் மாறன் வாக்குக் கொடுத்துவிட்டான். வாங்கினால் பிள்ளை அங்கேயே தங்கிவிடுவான். எப்பாடு பட்டாவது நொட்டை சொல்லித் தட்டிக்கழிப்பது என்று பச்சையம்மாள் முடிவு கட்டியிருந்தாள்.

வீடியோ கால் வந்தது. மாறன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வாசலில் நின்றான்.

"போனை யார்ரா புடிச்சிருக்கிறது?"

"வீடு காட்ட வந்த பொண்ணும்மா. பேரு ஹருகா."

கேமரா திரும்பியது. குட்டை முடியும் கண்ணாடியுமாக ஒரு பெண் குனிந்து வணங்கினாள்.

"கமிஷனுக்காக நல்லாத்தான் குனியுறா. சரி, கட்டடத்துக்கு என்ன வயசு?"

"நாப்பதும்மா."

"அடப்பாவி! எங்க கல்யாணமே அதுக்கு அப்புறம்தான்டா ஆச்சு. பூகம்பம் வந்தா அப்பளமா நொறுங்கிடும்."

"எல்லா பூகம்பத்தையும் பாத்துட்டுத்தாம்மா நிக்குது."

"என்னை மாதிரின்னு சொல்லு" என்றார் பக்கத்திலிருந்த கணவர் ராமகிருஷ்ணன். பச்சையம்மாள் முறைத்ததும் காப்பி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சமையலறையில் இடம் கம்மி என்றாள். குளியலறை தீப்பெட்டி என்றாள். தரை முழுக்கப் பாய் பதித்த ஓர் அறையைக் கண்டதும் மட்டும் கொஞ்சம் சபலம் தட்டியது. உடனே சமாளித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். கீழ்பென்னாத்தூர் நிலத்துலேர்ந்து மல்லாட்டை குடுத்தனுப்புனா, அந்தக் கடலையை எங்கடா காயப்போடுவ?"

மாறன் வாயைத் திறப்பதற்குள் கேமரா பால்கனிக்குப் போய்விட்டது. அங்கே வெயில் பளீரென்று அடித்தது. பச்சையம்மாளுக்கு எரிச்சலாக வந்தது.

அப்புறம் ஹருகா போனை மாறனிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சோடு சிங்க்குக்கு அடியில் நுழைந்தாள். குழாயைத் தட்டினாள். சுவரில் காதை வைத்துக் கேட்டாள். மூக்கு நுனியில் ஒட்டடையோடு வெளியே வந்து, அங்கே நின்ற வீட்டுக்காரப் பெரியவரிடம் கறாராக என்னவோ பேசினாள். பெரியவர் பாவம், தலையைத் தலையை ஆட்டினார்.

"என்னடா சொல்றா?"

"குழாயெல்லாம் புதுசா மாத்திக் குடுத்தாத்தான் ஆச்சுங்கறா."

பச்சையம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, பாத்தீங்களா! புரோக்கரா இருந்துக்கிட்டு நமக்காகச் சண்டை போடுறா. என்னா சமத்து!"

"அப்ப வாங்கலாமாம்மா?"

ஐயையோ, மாட்டிக்கொண்டோமே என்று பதறினாள். "வேணாம். பேசாம நீ ஊருக்கு வந்துடு."

"வீட்டுல என்னம்மா குறை?"

"வீட்டுல ஒண்ணும் இல்லடா!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்நிய ஊர்ல உன்னைப் பாத்துக்க யார் இருக்கா? இந்தப் பொண்ணு மாதிரி ஒரு மருமக வாய்ச்சா, நீ ஜப்பான்ல என்ன, நிலாவுல கூட வீடு வாங்கிக்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன். அண்ணாமலையார் மேல சத்தியம்!"

திடீரென்று படம் கிடுகிடுவென்று ஆடியது.

"பூகம்பம்டா, வெளிய ஓடு!" என்று அலறினாள் பச்சையம்மாள்.

ஆட்டம் நின்றது. போன் இப்போது ஹருகாவின் கையில் இருந்தது. மூக்கில் ஒட்டடை அப்படியே இருக்க, அவள் சிரித்தாள்.

"அப்ப வாங்கிடுறோம், அத்தை!"