கறுத்தால் நல்லது

"கறுப்பாத்தாம்மா ஆகும். அதை நான் மறைக்கல" என்றார் மேஜையோரம் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர்.

ஆலிஸ் கையிலிருந்த சம்மதப் படிவத்தை மறுபடி படித்தாள். மகன் ஜாஸ்பருக்கு ஐந்து வயது. முன்பல் இரண்டும் சொத்தை. விட்டால் வேர்வரை போய்விடும் என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸ்வர்ணலதா உள்ளே போயிருந்தார்.

"கிறிஸ்துமஸ் நாடகத்துல இவன்தான் சார் சம்மனசு. கறுப்புப் பல்லோட சம்மனசைப் பாத்திருக்கீங்களா?"

"எல்லாரும் றெக்கையைத்தாம்மா பாப்பாங்க."

மேஜை மேலிருந்த படங்களை எடுத்து, சேலை விரிக்கிற லாகவத்தோடு அவள் முன்னால் பரப்பினார்.

"இது மருந்து போடுறதுக்கு முன்னாடி, இது பின்னாடி. கறுத்துச்சுன்னா சொத்தை அங்கயே நின்னு போச்சுன்னு அர்த்தம். நல்ல பல்லு கறுக்காது. ஊசி கிடையாது, மெஷின் கிடையாது. சின்ன பிரஷ்ல வெள்ளி கலந்த ஃப்ளோரைடு மருந்து ஒரு சொட்டு, ஒரே நிமிஷம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை."

"எப்படியும் விழப்போற பல்லுதானே சார்?"

"விழறதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கே. அதுவரைக்கும் புள்ளை பல்லு அரிச்சுக்கிட்டே இருக்கட்டுமா?"

எதைக் கேட்டாலும் மனப்பாடமாகப் பதில் வந்தது. காலடியில் சரிந்த ரோஸ் நிறத் தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம்ல? அதைப் பல்லுல வச்சதா நெனச்சுக்கிடுங்க."

"நாங்க வேதக்காரங்க சார். அதெல்லாம் வைக்கிறதில்ல."

"அப்ப இதுதான் மொதப் பொட்டு."

ஆலிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாள்.

ஜாஸ்பர் உள்ளே போனான். அழலாமா வேண்டாமா என்று அவன் முடிவு செய்வதற்குள் வேலை முடிந்து, ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தான். பின்னாலேயே டாக்டரும் வந்தார்.

"ரொம்ப பயந்துட்டிருந்தேன் டாக்டர். நல்லவேளை, உங்க ஸ்டாஃப் பொறுமையா எடுத்துச் சொன்னாரு."

"ஸ்டாஃபா?" டாக்டர் வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தார். "இவர் தி.நகர்ல ஜவுளிக்கடை வெச்சிருக்கார்மா."

மூலை நாற்காலியில் உதட்டை இறுக்க மூடியபடி ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டில் அவளுடையது.

"சண்முகசுந்தரம் சார், இத்தோட மூணு தடவை வந்துட்டீங்க. நானும் மூணு தடவை சொல்லிட்டேன். இன்னைக்காவது உங்க பொண்ணுக்குப் போட்டுடலாமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மடித்து மடித்து அது துணி மாதிரி ஆகியிருந்தது. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

மகளையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கறுத்துடுமே, டாக்டர்."