உப்பில்லாத டீ

“ஒரு போல்ட்டைக் கழட்டத் துப்பில்ல. இதுல ஊருக்கே மெக்கானிக்காம்” என்று கொட்டகை வாசலில் நின்று குரல் கொடுத்தாள் சோனுன்.

மைரம்பெக் மனைவியின் பக்கம் திரும்பாமல் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். மாற்ற வேண்டிய புகைக்குழாயை இஞ்சினோடு பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகளில் மூன்றாவதும் அப்போதுதான் ‘டக்’கென்று முறிந்திருந்தது. தலை மட்டும் ஸ்பேனரோடு வந்துவிட்டது. உடம்பு உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

“அப்பா, நாளைக்குக் கிளம்பியாகணும்” என்றான் எல்டியார். “காரோட வந்தாத்தான் மாஸ்கோவுல டாக்ஸி வேலைன்னு சொல்லிட்டாங்க. விட்டா வேற ஆளைப் போட்டுருவாங்க.”

“நான் என்ன வேணும்னா பண்றேன்? பனிக்கு முன்னாடி நானே மாட்டின புது போல்ட்டுடா இது. குளிர்காலம் பூரா வண்டி கொட்டகைய விட்டு நகரல. இவ்வளவு துரு எங்கேருந்து வந்துச்சு?”

“கடைக்காரன் உங்க தலையில மிளகாய் அரைச்சிருப்பான். உங்களை ஏமாத்தறது பெரிய விஷயமா?” என்றாள் சோனுன்.

மலையூரான நாரினில் எந்த வண்டியில் எது முறிந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். சொந்த மகனின் வண்டி மட்டும் மானத்தை வாங்கியது. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, மெல்லத் திருப்பினார். நட்டு மட்டும் கையோடு வந்தது.

ஸ்பேனரை வீசிவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்.

சுவரில் ஒரு துணிப்பையில் மூத்த மகன் தாலாயின் ரொட்டி தொங்கியது. ஊர் வழக்கப்படி ஒரு கடி கடித்துவிட்டு மாஸ்கோவுக்குப் போனவன். திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டியவன். ரொட்டி கல்லாகிவிட்டது. ஆள் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. எல்டியார் கடிக்க வேண்டிய புது ரொட்டி மேசைமேல் தயாராக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

சோனுன் டீ ஊற்றினாள். அந்த ஊரில் டீக்குச் சர்க்கரை இல்லை, உப்புதான். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார்.

“என்னடி இது, டீயில உப்பே இல்ல?”

“தீர்ந்துபோச்சு.”

“மூட்டையா வாங்கிப் போட்டேனேம்மா” என்றான் எல்டியார்.

“ஆட்டுக்கு வச்சேன். உப்பு உப்புன்னு பறக்காம போய் வேலையப் பாருங்க.”

முணுமுணுத்துக்கொண்டே கொட்டகைக்குத் திரும்பினார். முறிந்த போல்ட்டின் தலையைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். துருவுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தார்.

உப்புக் கரித்தது.

நிமிர்ந்து பார்த்தார். வாசலில் சோனுன் நின்றிருந்தாள். காலையிலிருந்து ஓயாத வாய் மூடியிருந்தது. கண் மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

“என்னப்பா ஆச்சு?” என்றான் எல்டியார்.

மைரம்பெக் அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இஞ்சினே விரிசல் விட்டிருக்குடா. இது இனிமே மாஸ்கோ போகாது. உங்கம்மா சொன்னது சரிதான், எனக்குத் துப்பில்ல.”