தலையைத் தூக்காதீங்க, ஆன்ட்டி

“தலையைத் தூக்காதீங்க ஆன்ட்டி, திருப்புங்க. ஒரு கண்ணு தண்ணிக்குள்ளயே இருக்கணும்.”

ஃப்ரீஸ்டைல் நீச்சல் சொல்லிக்கொடுக்கிற அந்தப் பெண் மூன்று வாரமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

நானும் மூன்று வாரமாகத் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். தூக்கினால் இடுப்பு அமுங்கும், கால் தரையைத் தேடும், மூக்கில் தண்ணீர் ஏறும். இருமிக்கொண்டு எழுந்து நிற்பேன்.

பக்கத்தில் நிற்கிற அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது. “அம்பத்தாறு வயசுல எருமை மாதிரி நிக்கிறா பாரு!”

அவளுக்கு அறுபத்திரண்டு.

முட்டி வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு. என் முட்டிக்கு ஒன்றுமில்லை. “தனியா போக வெக்கமா இருக்குடி. ரெண்டு பேருக்கும் தெரியாது, சேர்ந்தே கத்துக்கலாம்” என்று என் பெயரையும் அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா எது கேட்டாலும், இருபத்திரண்டு வருஷமாக எனக்கு வாய் வருவதில்லை.

அத்தான் ஏரியில் போய் அத்தனை வருஷம்.

கால் கழுவ இறங்கியவர், சறுக்கி ஆழத்துக்குப் போய்விட்டார். அக்கா காரிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுக்கப் போயிருந்தாள். கரையில் நின்றது நான் மட்டும்தான். கத்தினேன். கத்த மட்டும்தான் செய்தேன்.

ஓடிவந்தவர்கள், போலீஸ், சொந்தக்காரர்கள் என்று யார் என்னைக் கேட்டாலும் அக்காதான் அழுதுகொண்டே முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

“பாவம், அவளுக்கு நீச்சல் தெரியாது.”

இன்று காலை அக்கா முதல் தடவையாக நிற்காமல் குளத்தின் குறுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். பரோட்டா மாவை அடிக்கிற மாதிரி தண்ணீரை அடித்துக்கொண்டுதான் போனாள், ஆனாலும் போய்விட்டாள். எதிர்ச்சுவரைப் பிடித்துக்கொண்டு, தொப்பி ஒரு பக்கம் கோணலாக, சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

“வாடி! வந்துரு!”

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம்! சுவரை உதைத்துக் கிளம்பிவிட்டேன்.

மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு. ஒரு தடவை வலப்பக்கம், அடுத்த தடவை இடப்பக்கம். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே.

கை சுவரில் பட்ட பிறகுதான் உறைத்தது. தப்பாக நீந்த மறந்துவிட்டேன்.

காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது கற்றது. அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்தியிருப்பார். கார்டியன் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டது அத்தான். போட்டியன்று வந்து பார்த்தவரும் அவர் ஒருவர்தான். வீட்டில் யாரிடமும் சொல்ல மாட்டேன், உங்க அக்காகிட்டகூட, என்று சத்தியம் செய்தார்.

அன்றைக்கு ஏன் குதிக்கவில்லை என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கால் நகரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தியம் அவரோடு போய்விட்டது என்கிற நிம்மதி, அன்று சாயங்காலமே எனக்கு வந்துவிட்டது.

சொல்லிக்கொடுக்கிற பெண் குளத்து விளிம்பில் நின்று கைதட்டினாள். “ஆன்ட்டி! ஒரே நாள்ல எப்படி?”

அக்கா நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டாள். “அவ எப்பவுமே அப்படித்தாம்மா. வராது வராதுன்னு இருப்பா, திடீர்னு வந்துரும்” என்றாள் அவளிடம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். என் தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடியை விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

“நீ போனா தண்ணி அசையறதே தெரியாதுன்னு அவர் சொல்லுவார். ஒரு தடவையாவது பாத்துடணும்னு இருந்தேன்.”